கருச்சிதைவு வேறு, கருக்கலைப்பு வேறு

‘அமெரிக்காவில் கருச்சிதைவுக்குத் தடை.’ அண்மையில் சமூக மன்றக் கலந்துரையாடல் ஒன்றில் இந்த வரியைத் திரையில் போட்டுப் பேசினார்கள். செய்திகளிலும் வாட்ஸ்அப் பகிர்வுகளிலும் பலமுறை கண்ட வரிதான். கருச்சிதைவு தானாக நேர்வது. அதை எந்தச் சட்டம் தடுக்கும்? கருக்கலைப்பைப் பெண்ணின் உரிமையாக ஏற்ற 1973ஆம் ஆண்டின் ரோ எதிர் வேட் தீர்ப்பை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2022 ஜூன் 24 அன்று ரத்து செய்தது. அதன் பிறகு பல மாநிலங்கள் தடை செய்தது கருக்கலைப்பை.

அபார்ஷன் என்ற சொல் லத்தீனிலிருந்து வந்தது. தோன்றாமல் போவது என்பதுபோல் பொருள். தானாகக் கலைவதையும் மருத்துவர்கள் ‘ஸ்பான்டேனியஸ் அபார்ஷன்’ என்று எழுதுவதுண்டு. குழப்பத்துக்கு அதுவே காரணமாக இருக்கலாம். ஆனால் ஆங்கில மருத்துவ ஏடுகள் ஒரே சொல்லை இரண்டுக்கும் வைத்தால் நாமும் அப்படித்தான் வைக்க வேண்டுமா?

தமிழில் இது எப்போதோ பிரிந்துவிட்டது. சிதைதல் தன்வினை, அதிலிருந்து சிதைவு. கலைத்தல் பிறவினை, அதிலிருந்து கலைப்பு. அழிவு, அழிப்பு என்ற இணையைப் பாருங்கள்: முன்னது நேர்வது, பின்னது ஒருவர் செய்வது. பேச்சிலும் இந்தக் கோடு தெளிவாக இருக்கிறது. “கரு கலைஞ்சிடுச்சு” என்பதும் “கலைச்சிட்டாங்க” என்பதும் யாருக்கும் குழம்புவதில்லை. ஆங்கிலச் சொல்லைக் கடன் வாங்கினாலும் “அபார்ஷன் ஆயிடுச்சு” ஒன்று, “அபார்ஷன் பண்ணிக்கிட்டா” வேறொன்று. வீட்டில் சரியாகப் பேசுகிறவர்கள் எழுத உட்கார்ந்ததும் ஏன் தடுமாறுகிறார்கள்?

‘சூழலை வைத்துப் புரிந்துகொள்வார்கள்’ என்று சமாதானம் சொல்கிறார்கள். சவிதா ஹலப்பனவரின் கதையை அப்படி எழுதிப் பாருங்கள். இந்தியாவில் பிறந்த பல் மருத்துவர். 2012 அக்டோபரில் அயர்லாந்தின் கால்வேயில் 17 வாரக் கர்ப்பத்தில் அவருக்குக் கருச்சிதைவு தொடங்கியது. குழந்தை பிழைக்காது என்று தெரிந்ததும் கருக்கலைப்பு கேட்டார். சிசுவின் இதயம் துடிக்கிறது என்பதால் மறுக்கப்பட்டது. தொற்று ரத்தத்தில் பரவி 31 வயதில் இறந்தார். அந்த மரணம் கிளப்பிய கோபம் அயர்லாந்தின் 2018 பொதுவாக்கெடுப்பு வரை சென்றது. கருக்கலைப்புக்கு அங்கே இருந்த தடையை நீக்க சுமார் 66 விழுக்காட்டினர் வாக்களித்தார்கள். இந்தக் கதையில் இரண்டுக்கும் கருச்சிதைவு என்றே போட்டால், கருச்சிதைவு தொடங்கிய பெண் கருச்சிதைவு கேட்டார் என்றாகிவிடும். அவருக்கு எது மறுக்கப்பட்டது என்பதே வாசகருக்குத் தெரியாது.

இன்று அமெரிக்காவிலும் இதே சிக்கல். மிஃபெபிரிஸ்டோன், மிசோபிரோஸ்டால் என்ற இரண்டு மருந்துகளும் கருக்கலைப்புக்கும் பயன்படுகின்றன, கருச்சிதைவுச் சிகிச்சைக்கும் பயன்படுகின்றன. தடை உள்ள மாநிலங்களில் கருச்சிதைவு நேர்ந்தவர்களுக்குக்கூட சிகிச்சை தர மருத்துவர்கள் தயங்கியிருக்கிறார்கள். இரண்டு சொல் இல்லாமல் இந்த அநியாயத்தை எப்படி விளக்குவது?

அப்புறம், ‘கருக்கொலை’ என்று எழுதுகிறவர்கள். அது சொல்லுக்குள்ளேயே தீர்ப்பை வைத்துவிடுகிறது. எதிர்ப்பவர் தாராளமாகத் தம் வாதத்தை வைக்கட்டும். செய்தி எழுதுகிறவர் அந்தச் சொல்லைத் தொடக் கூடாது.

சிங்கப்பூரில் 1969இல் கருக்கலைப்புச் சட்டம் நிறைவேறியது. இப்போதுள்ள சட்டம் 1974இல் வந்தது. ‘டெர்மினேஷன் ஆஃப் பிரெக்னன்சி’ என்ற அதன் பெயரை ஓரிடத்தில் ‘கருவுறுதலை முடித்தல்’ என்று தமிழாக்கியிருந்தார்கள். கருவுறுதல் என்பது கரு உண்டாகும் நிகழ்வு. உண்டாவதை எப்படி முடிப்பது? இங்கே ஆலோசனைக்குப் பிறகு 48 மணி நேரம் பொறுத்துத்தான் பெண் ஒப்புதல் தர முடியும். பொதுவாக 24 வாரம் வரைதான் அனுமதி. அப்படிப்பட்ட நேரத்தில் கையில் இருக்கும் தாளை அவர் இரண்டு முறை படித்துப் பொருள் தேடக் கூடாது. ‘கர்ப்பத்தை முடித்துக்கொள்ளுதல்’ என்று எழுதலாம். கருக்கலைப்பு என்றே எழுதினால் இன்னும் நல்லது.