சராசரியை நம்பி மலையேறாதீர்கள்

தென் பிரான்சில் இருக்கும் மோன் வாந்தூ மலையின் உச்சி சுமார் 1,910 மீட்டர். பெத்வான் ஊரிலிருந்து அங்கே போக 21 கிலோமீட்டர் சாலை, ஏறத்தாழ 1,600 மீட்டர் ஏற்றம். சராசரிச் சரிவு 7.5 சதவீதம், அதாவது 100 மீட்டர் போனால் ஏழரை மீட்டர் உயரம். இந்த ஒரு எண்ணை மட்டும் பார்த்துக் கிளம்பினால் பாதி வழியில் காட்டுக்குள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடக்க நேரிடும்.

முதல் ஐந்தாறு கிலோமீட்டர் திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே சாலை சாதுவாகத்தான் ஏறுகிறது. சேன் எஸ்தேவ் வளைவைத் தாண்டியதும் காடு. அங்கிருந்து, உச்சிக்கு ஆறு கிலோமீட்டர் முன்னால் இருக்கும் ஷாலே ரெனார் என்ற இடம் வரை ஒன்பது கிலோமீட்டருக்கு மேல், சரிவு 9 சதவீதத்தை ஒட்டியே போகிறது. சில இடங்களில் 10-ஐத் தாண்டுகிறது. கால் ஆற ஒரு சமதளம் கிடையாது.

கணக்கு எளிது. ஆளும் சைக்கிளும் சேர்ந்து 80 கிலோ, கால்கள் விடாமல் தருவது 180 வாட் என்று வைப்போம். 5 சதவீதச் சரிவில் மணிக்குச் சுமார் 14 கிலோமீட்டர் போகலாம். 10 சதவீதத்தில் 8 கிலோமீட்டர்தான். ஆக, கடினமான பகுதியில்தான் அதிக நேரம் செலவாகிறது.

இங்கேதான் கியர் முக்கியமாகிறது. முன் பல்சக்கரத்தில் 34 பல், பின் பல்சக்கரத்தில் 28 பல் என்றால் பெடல் ஒரு சுற்றுக்குச் சுமார் இரண்டரை மீட்டர் நகரும். 8 கிலோமீட்டர் வேகத்தில் நிமிடத்துக்கு 52 சுற்று. ஒவ்வொரு மிதியும் முழங்காலை அழுத்தும். பின்னால் 34 பல் போட்டால் அதே வேகத்துக்கு 63 சுற்று வரும், மிதி இலகுவாகும். என்னைக் கேட்டால், மலைக்குப் போகுமுன் பணம் செலவழிக்க வேண்டிய முதல் இடம் அந்தப் பின்பல்சக்கரம்தான்.

அப்புறம் வெப்பம். உடல் எரிக்கும் ஆற்றலில் கால்வாசி கூட பெடலுக்குப் போவதில்லை, மீதி சூடாகிறது. 180 வாட் தரும்போது 500 வாட்டுக்கு மேல் வெப்பம். அந்த மெதுவான வேகத்தில் காற்று அதை எடுத்துப் போவதில்லை. அதனால் காடு தொடங்குமுன்பே தண்ணீர் நிரப்பிக்கொள்ள வேண்டும், கோடையில் விடியற்காலையிலேயே புறப்பட வேண்டும்.

வரைபடச் செயலிகள் வளைவுகளில் 20 சதவீதம் என்று பயமுறுத்தினால் உடனே நம்ப வேண்டாம். அவற்றின் உயரத் தரவு பெரும்பாலும் நிலத்தைச் சதுரக் கட்டங்களாகப் பிரித்து, கட்டத்துக்கு ஒரு உயரம் என்று எடுக்கப்பட்டது. கொண்டை ஊசி வளைவில் மேல்சாலையின் உயரம் கீழ்ச்சாலையோடு கலந்துவிடும். ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் சரிவைத் தனியாகப் பார்ப்பதே நல்லது.

கால் பழகாதவர்கள் சோ ஊரிலிருந்து ஏறலாம். சுமார் 26 கிலோமீட்டர் என்றாலும், அந்த ஊரே உயரத்தில் இருப்பதால் ஏற்றம் குறைவு, சரிவும் பெரும்பகுதி மிதமானது. ஆனால் ஷாலே ரெனாரில் இரண்டு சாலைகளும் சேர்ந்துவிடும். மேலே கடைசி ஆறு கிலோமீட்டர் வெறும் சுண்ணாம்புக்கல், மரநிழல் இல்லை, காற்றைத் தடுக்க எதுவுமில்லை. 2016 டூர் த பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தில் பலத்த காற்று காரணமாக அன்றைய ஓட்டத்தையே ஷாலே ரெனாரில் முடித்துக்கொண்டார்கள். எனவே வானிலையை அடிவார ஊருக்குப் பார்க்காமல் உச்சிக்குப் பாருங்கள். அங்கே பத்து டிகிரி வரை குளிர் கூடியிருக்கும். இறங்கும்போது வியர்வை நனைந்த உடம்போடு வேகமாக வருவீர்கள், சட்டைப்பையில் ஒரு மெல்லிய காற்றுத்தடுப்புச் சட்டை இருக்கட்டும்.