நாயா, பூனையா? முதலில் அடுப்படியைப் பாருங்கள்

"ஃபிளாட்டில் நாய் வளர்க்க முடியாது டாக்டர், பூனை என்றால் தொல்லையில்லை." கிளினிக்கில் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. பாதி உண்மைதான். பூனைக்கு வாக்கிங் வேண்டாம், வாராவாரம் குளியல் வேண்டாம், குரைத்துப் பக்கத்து வீட்டைப் பகைக்காது. ஆனால் சாப்பாடு, மருந்து, நோயைக் கண்டுபிடிப்பது என்ற மூன்றிலும் நாயைவிடப் பூனைதான் கறார். நாய் வளர்த்த பழக்கத்தை அப்படியே பூனையிடம் காட்டுவதால், பாசமாக வளர்க்கும் வீடுகளிலும் பூனைகள் சாகின்றன.

முதல் கேள்வி: உங்கள் வீட்டில் அசைவம் புழங்குமா?

நாய் மனிதனோடு ஒட்டி வாழ்ந்து சோற்றுக்குப் பழகிய பிராணி. மாவுச்சத்தைச் செரிக்கும் அமைலேஸ் என்சைமுக்கான மரபணு, ஓநாயிடம் இருப்பதைவிட நாயிடம் பல மடங்கு நகல்களாக இருப்பதை 2013-ல் ஆய்வாளர்கள் காட்டினார்கள். அதனால் சோறு அதன் உடம்பில் ஒட்டும். அதற்காகத் தயிர்சாதத்திலேயே வளர்த்துவிடலாம் என்று எண்ண வேண்டாம். வளரும் குட்டிக்கு அது மட்டும் போட்டால் புரதமும் கால்சியமும் பற்றாமல் முன்னங்கால்கள் வளையும். சைவ வீட்டுக்காரர்கள் முட்டை, பனீர், குழைய வேகவைத்த பருப்பு, மருத்துவர் எழுதித் தரும் தாது–வைட்டமின் கலவை ஆகியவற்றைச் சோற்றோடு சேர்த்து நாயை நன்றாகவே வளர்க்கலாம். முட்டையும் வேண்டாம் என்பவர்கள் மருத்துவரிடம் உணவுத் திட்டம் கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது.

பூனையிடம் இந்தப் பேச்சுவார்த்தை நடக்காது. டாரின் என்ற சத்தைப் பூனையின் உடம்பு தேவையான அளவு தயாரிப்பதில்லை. அது இறைச்சியிலிருந்தும் மீனிலிருந்தும்தான் வர வேண்டும். வராவிட்டால் மாதக்கணக்கில் விழித்திரை கெடும், இதயத் தசை தளர்ந்து இதயம் வீங்கும். இந்த இதய நோய்க்கும் டாரினுக்கும் உள்ள தொடர்பு 1987-ல்தான் தெரியவந்தது. பிறகு பூனை உணவுகளில் அதைக் கூடுதலாகச் சேர்க்கத் தொடங்கினார்கள். கேரட்டில் உள்ள சத்தை வைட்டமின் ஏ-வாக மாற்றவும் பூனைக்கு வழியில்லை. கால்நடை, செல்லப்பிராணி உணவுக்குத் தரம் வகுக்கும் அமெரிக்க அமைப்பான ஆஃப்கோவின் கணக்குப்படி, ஈரப்பதம் நீக்கிக் கணக்கிட்டால், வளர்ந்த நாயின் உணவில் குறைந்தது 18 சதவீதம் புரதம் போதும். பூனைக்கு 26 சதவீதம் வேண்டும். ஆகவே காலம்காலமாகப் பூனைக்கு வைக்கும் பால்சோறு அதற்குச் சாப்பாடே இல்லை. தெருப் பூனை அதில் பிழைக்கிறதே என்பார்கள். அது பால்சோற்றில் பிழைக்கவில்லை, ராத்திரி பிடிக்கும் எலியில் பிழைக்கிறது. மூன்றாவது மாடியில் அடைத்து வளர்க்கும் பூனைக்கு எலி எங்கிருந்து வரும்? பாலும் வளர்ந்த பூனைகள் பலவற்றுக்கு ஒத்துக்கொள்வதில்லை, வயிற்றுப்போக்குதான் மிச்சம்.

வீட்டுச் சமையல்தான் கொடுப்பேன் என்றால் சில விவரங்கள். கோழியில் நெஞ்சுக்கறியைவிடத் தொடைக்கறியிலும் இதயத்திலும் டாரின் அதிகம். அது தண்ணீரில் கரையும். வேகவைத்த தண்ணீரைக் கொட்டினால் டாரினும் சாக்கடைக்குப் போகும், அதையும் கலந்து வையுங்கள். உப்பு, வெங்காயம், பூண்டு கூடாது. வெங்காயமும் பூண்டும் சிவப்பணுக்களைச் சிதைக்கும். நாய்க்கும் ஆகாது, பூனைக்கு இன்னும் மோசம். மத்தியும் நெத்திலியும் வேகவைத்துக் கொடுக்கலாம், ஆனால் தினமும் மீன் மட்டுமே என்றால் வைட்டமின் ஈ குறைந்து தோலுக்கடியில் கொழுப்பு புண்ணாகும். தினமும் ஈரல் மட்டுமே என்றால் வைட்டமின் ஏ மிகுந்து கழுத்தெலும்பு இறுகும். கருவாடு வேண்டவே வேண்டாம். வெறும் கறியில் கால்சியம் போதாது என்பதால், ஒரு வேளையாவது முழுச் சத்துள்ள பூனை உணவு வைப்பது பாதுகாப்பு. நாய் உணவை மிச்சம் பிடித்துப் பூனைக்கு வைக்கக் கூடாது.

சாப்பாட்டுத் தவறு கொல்ல மாதங்கள் ஆகும். மருந்துத் தவறுக்கு ஒரு நாள் போதும். பாராசிட்டமாலைச் செயலிழக்கச் செய்யும் கல்லீரல் வேலை பூனையிடம் மிகக் குறைவு. கிலோவுக்கு 10 மில்லிகிராமே விஷமாகலாம். 500 மில்லிகிராம் மாத்திரையில் பாதியை ஒடித்து 4 கிலோ பூனைக்குக் கொடுத்தால் கிலோவுக்கு 62 மில்லிகிராம் போய்விடுகிறது. சில மணி நேரத்தில் ஈறு சாக்லேட் நிறமாகும், முகமும் பாதமும் வீங்கும், மூச்சு வாங்கும். "குழந்தைகள் சிரப்தான் கொடுத்தோம்" என்பதும் இதே கதைதான். மாற்றுமருந்து உண்டு, ஆனால் நேரத்தோடு வந்தால்தான் பலிக்கும். நாய்க்கும் மனிதர் வலி மாத்திரை ஆகாது. இபுப்ரோஃபென் இரைப்பையைப் புண்ணாக்கிச் சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

இரண்டாவது விஷம் உண்ணி மருந்து. நாயின் முதுகில் விடும் சொட்டு மருந்துகள் சிலவற்றில் பெர்மெத்ரின் இருக்கும். நாய்க்குப் பாதுகாப்பான அது பூனையின் நரம்புகளைத் தாக்கும்: காது துடிப்பு, உடல் நடுக்கம், பிறகு வலிப்பு. மாட்டுக்கு வாங்கிய உண்ணி மருந்தைத் தண்ணீரில் கலக்கிப் பூனைக்குப் பூசுவதும் இதே ஆபத்து. தவறிப் பட்டுவிட்டால் பாத்திரம் கழுவும் திரவமும் வெதுவெதுப்பான தண்ணீரும் கொண்டு அலசி, துவட்டி, பாக்கெட்டோடு மருத்துவமனைக்கு வாருங்கள். நாயும் பூனையும் உள்ள வீட்டில், நாய்க்கு இந்த மருந்து விட்டால் இரண்டு மூன்று நாளாவது பூனையைத் தனியே வையுங்கள். நாயை நக்கினாலும் அதே விஷம்தான்.

நோய் வந்தால் நாய் சொல்லிவிடும். சாப்பாட்டுத் தட்டை விட்டு நகரும், நொண்டும், உங்கள் காலடியில் வந்து படுக்கும். பூனை கட்டிலுக்கடியில் போய் உட்கார்ந்துகொள்ளும், அவ்வளவுதான். அதனால் மூன்று இடங்களில் கண் வையுங்கள்: சாப்பாட்டுத் தட்டு, மணல் தட்டு (பூனை மலஜலம் கழிக்கும் தட்டு), மூச்சு. இரண்டு நாள் சாப்பிடாத பூனைக்கு, அதுவும் குண்டுப் பூனைக்கு, கல்லீரலில் கொழுப்பு படிந்து மஞ்சள்காமாலை வரக்கூடும். நாயைப் போல "பட்டினி போட்டால் சரியாகும்" என்று காத்திருக்கக் கூடாது. தூங்கும்போது நெஞ்சு ஏறி இறங்குவதை 30 வினாடி எண்ணி இரண்டால் பெருக்குங்கள். நிமிடத்துக்கு 30-க்கு மேல் தொடர்ந்து போனால் காட்ட வேண்டும். நாய் நாக்கைத் தொங்கவிட்டு மூச்சிரைப்பது இயல்பு. பூனை வாயைத் திறந்து மூச்சு விட்டால் அவசரம்.

மணல் தட்டு சொல்லும் சேதியில் மிக முக்கியமானது ஆண் பூனையுடையது. அதன் சிறுநீர்க் குழாய் மிகக் குறுகல். பூனை இயல்பிலேயே தண்ணீர் குறைவாகக் குடிக்கும். அதிலும் டிரை ஃபுட் மட்டுமே தின்று, நடமாட்டம் இல்லாமல் பருத்த ஆண் பூனைக்குச் சளியும் படிகமும் சேர்ந்து குழாயை அடைத்துவிடும். தட்டுக்குத் திரும்பத் திரும்பப் போகும், குந்தி முக்கும், கத்தும், பின்பக்கத்தை நக்கிக்கொண்டே இருக்கும். வீட்டார் மலச்சிக்கல் என்று நினைத்து விளக்கெண்ணெய் கொடுத்து ஒரு நாளைக் கழிப்பார்கள். அடிவயிற்றில் எலுமிச்சை போலக் கெட்டியாகத் தட்டுப்படுவது நிரம்பிய சிறுநீர்ப்பை. அழுத்திப் பார்க்காதீர்கள், கிழிந்துவிடும். 24 முதல் 48 மணி நேரத்துக்குள் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயம் நின்றுபோகலாம். இதற்கு மட்டும் "காலையில் பார்த்துக்கொள்ளலாம்" என்பது கிடையாது. வராமல் தடுக்க ஈர உணவு, வீட்டில் இரண்டு மூன்று இடங்களில் தண்ணீர், பூனைகளின் எண்ணிக்கையைவிட ஒரு மணல் தட்டு கூடுதல்.

நாயின் பாடு வேறு. உண்மையான செலவு உங்கள் நேரம். காலையும் மாலையும் வெளியே கூட்டிப்போக ஆளில்லாத வீட்டில், பத்து மணி நேரம் தனியே கிடக்கும் நாய் கதவைப் பிறாண்டும், ஊளையிடும். ராஜபாளையம், சிப்பிப்பாறை போன்ற வேட்டை நாய்கள் ஓடப் பிறந்தவை. இரண்டு படுக்கையறை ஃபிளாட்டில் அவற்றை அடைப்பதை எந்த மருத்துவரும் பரிந்துரைக்க மாட்டார். சென்னை வெயிலுக்குப் பக், ஷிட்ஸு போன்ற சப்பை மூக்கு இனங்களும் திண்டாடும்.

45 நாளில் ஒரு ஊசியோடு விற்கும் குட்டிக்கு அந்த ஒரு ஊசி போதாது. தாய்ப்பாலில் வந்த எதிர்ப்புச் சக்தி தடுப்பூசியை வேலை செய்யவிடாமல் மறைக்கும். அதனால் 3–4 வார இடைவெளியில் 16 வாரம் முடியும்வரை தொடர்ந்து போட வேண்டும். அதுவரை தெருமண்ணில் இறக்காதீர்கள். குட்டிகளைக் கொல்லும் பார்வோ வைரஸ் மண்ணில் மாதக்கணக்கில் கிடக்கும்.

உண்ணியை நாயின் மேல் மட்டும் தேடினால் தீராது. அதன் வாழ்நாளில் பெரும்பகுதி சுவர் வெடிப்பிலும் கட்டில் இடுக்கிலும்தான் கழிகிறது. மூக்கில் ரத்தம், வெளிறிய ஈறு, வயிற்றில் சிவப்புப் புள்ளி, காபி நிறச் சிறுநீர் எல்லாம் உண்ணிக் காய்ச்சலின் அடையாளங்கள். உண்ணி பரப்பும் எர்லிக்கியா என்ற கிருமிக்கு டாக்ஸிசைக்ளின் மாத்திரை 28 நாள் கொடுக்க வேண்டும். ஐந்தாம் நாள் நாய் சாப்பிட ஆரம்பித்ததும் மாத்திரையை நிறுத்துவதுதான் வழக்கமாக நடக்கும் கோளாறு.

பூனை வீட்டில் இன்னும் இரண்டு ஏற்பாடுகள். பால்கனிக்கு நைலான் புறா வலை போதாது, கடித்துப் பிய்த்துவிடும். கம்பி வலை வேண்டும். பூக்கட்டும் நூலும் ஊசி கோத்த தையல் நூலும் கைக்கெட்டும் இடத்தில் கிடக்கக் கூடாது. பூனையின் நாக்கில் உள்ள முட்கள் உள்நோக்கியவை. நூலை நக்கத் தொடங்கினால் துப்ப முடியாமல் விழுங்கும். வாயிலோ ஆசனவாயிலோ நூல் தொங்கினால் இழுக்காதீர்கள். உள்ளே குடல் சுருக்குப்பையாகச் சுருங்கியிருக்கும், இழுத்தால் நூல் குடலை அறுக்கும்.

கடி விஷயத்தில் மட்டும் இரண்டுக்கும் ஒரே சட்டம். ரேபிஸ் பூனையாலும் பரவும். ஓடும் தண்ணீரில் சோப்பு போட்டு 15 நிமிடம் கழுவுங்கள்; மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் வைக்காமல் அன்றே மனித மருத்துவரிடம் போங்கள். பூனைக்கடி ஊசி குத்தியது போலச் சிறிதாகத் தெரியும், ஆழம் அதிகம், மறுநாளே சீழ் பிடிக்கும். கடித்தது தடுப்பூசி போட்ட வீட்டுப் பிராணி என்றாலும் மருத்துவரிடம் அதன் ஊசிப் புத்தகத்தைக் காட்டுங்கள், பிராணியை 10 நாள் கண்காணிப்பில் வையுங்கள். ஊசி வேண்டாம் என்று நீங்களே முடிவெடுக்காதீர்கள்.