விசாரணைக் கைதி ஓட்டுப் போட முடியுமா?

செப்டம்பர் 15 சர்வதேச ஜனநாயக தினம். ஐ.நா. பொதுச்சபை 2007-இல் முடிவெடுத்து, மறு ஆண்டிலிருந்து கடைப்பிடிக்கப்படுகிறது. மக்களின் விருப்பம்தான் அரசின் அதிகாரத்துக்கு அடிப்படை, அது எல்லோருக்கும் சமமான வாக்குரிமை உள்ள தேர்தலில் வெளிப்பட வேண்டும் என்கிறது உலக மனித உரிமைப் பிரகடனத்தின் 21-ஆம் பிரிவு. கிரிமினல் வழக்குகள் நடத்துகிற எனக்கு அதைப் படித்தாலே சிறைதான் ஞாபகம் வரும்.

தேர்தல் சமயத்தில் 'மனு பார்க்க', அதாவது சிறையில் இருப்பவரைச் சந்திக்க, வரும் குடும்பத்தார் கேட்பார்கள்: "சார், உள்ளே இருக்கறவங்க ஓட்டுப் போடலாமா?"

முடியாது. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், 1951-இன் 62(5) பிரிவு, சிறையிலோ போலீஸ் காவலிலோ இருப்பவர் வாக்களிக்கத் தடை விதிக்கிறது. தண்டனை பெற்றவர், ரிமாண்டில் இருப்பவர் என்ற வித்தியாசமே அதில் இல்லை. 2022 இறுதியில் இந்தியச் சிறைகளில் இருந்த சுமார் 5.73 லட்சம் பேரில் 4.34 லட்சம் பேர் விசாரணைக் கைதிகள். குற்றம் நிரூபணம் ஆகாதவர்கள்.

இன்னொரு பக்கம் பாருங்கள். தண்டனை பெற்று, மேல்முறையீட்டில் ஜாமீனில் வெளியே இருப்பவர் தாராளமாக வாக்களிக்கலாம். திருட்டு வழக்கில் ஜாமீன் உத்தரவு வந்தும் ஜாமீன்தாரர் கிடைக்காமல் உள்ளேயே கிடப்பவருக்கு அது இல்லை. பணமும் ஆள் பலமும்தான் இங்கே வாக்காளரைத் தீர்மானிக்கின்றன என்று நான் சொன்னால் மிகையா? இதைவிட விசித்திரம், வாக்களிக்க முடியாத அதே கைதி வேட்பாளராக நிற்கலாம். 2013-இல் உச்ச நீதிமன்றம் அதை மறுத்தது. அதே ஆண்டில் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்திக்கொண்டது. 2024-இல் காஷ்மீர் அரசியல்வாதி எஞ்சினியர் ரஷீத், டெல்லி திகார் சிறையில் இருந்தபடியே பாராமுல்லா தொகுதியில் வென்று எம்.பி. ஆனார்.

கைதிகள் வாக்களிக்கக் கூடாது என்ற தடையை உச்ச நீதிமன்றம் 1997-இல், அனுகூல் சந்திர பிரதான் வழக்கில், செல்லும் என்றது. போலீஸ் பந்தோபஸ்துக்கு ஆளும் வசதியும் போதாது, குற்றப் பின்னணி உள்ளவர்களைத் தேர்தலிலிருந்து விலக்கி வைக்க வேண்டும் என்பவை அதன் காரணங்களில் சில. எனக்கு இதில் உடன்பாடில்லை. தடுப்புக் காவலில், அதாவது இனி குற்றம் செய்யாமல் தடுக்க என்று முன்கூட்டியே அடைக்கப்பட்டு, இருப்பவருக்கு அதே 62(5) விலக்குத் தருகிறது. அவர் தபால் வாக்கு போடலாம். குண்டர் சட்டமும் தடுப்புக் காவல்தான். ஒரே சிறையில் அவருக்குத் தபால் உறை போய்ச் சேருமென்றால், அடுத்த பிளாக்குக்கு மட்டும் ஏன் போகாது? தீர்ப்பளிக்கப்படாதவர்களின் வாக்குரிமையைப் பறிக்கக் கூடாது என்று ஐ.நா. மனித உரிமைக் குழு 1996-லேயே சொல்லிவிட்டது. தென்னாப்பிரிக்காவில் 1999-இல் அரசியல் சாசன நீதிமன்றம் கைதிகளை வாக்காளர் பட்டியலில் சேர்த்து வாக்களிக்க வைக்கும்படி உத்தரவிட்டது.

சரி, சட்டம் மாறும்வரை என்ன செய்வது? சிறைக்குப் போனால் பட்டியலில் பெயர் போய்விடும் என்று பலர் பயப்படுகிறார்கள். சிறை ஒருவரின் வசிப்பிடமாகக் கணக்கில் வராது. சொந்த முகவரியில் பெயர் இருக்கிறதா என்று வீட்டார் பார்த்துக்கொண்டால் போதும். வாக்குப்பதிவுக்குள் வெளியே வந்துவிட்டால் ஓட்டு உண்டு.

அதற்கு உதவுவது, குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பி.என்.எஸ்.எஸ். சட்டத்தின் 479-ஆம் பிரிவு. இதற்கு முன் தண்டனை பெறாதவர், அந்தக் குற்றத்துக்கான அதிகபட்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்கு காலத்தை உள்ளே கழித்திருந்தால் ஜாமீனில் விடுவிக்கக் கோரலாம், மற்றவர்களுக்குப் பாதி. மரண தண்டனை, ஆயுள் தண்டனைக்குரிய குற்றங்களுக்கு இது பொருந்தாது. வேறு வழக்குகள் நிலுவையில் இருந்தாலும் சிக்கல்தான். இதற்காக நீதிமன்றத்தில் மனுப் போட வேண்டிய பொறுப்பு சிறைக் கண்காணிப்பாளருக்கே உண்டு. ஆனாலும் நாள் கணக்கை நீங்களும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். வக்கீல் வைக்க வசதியில்லையென்றால் 15100-க்குக் கூப்பிடுங்கள், இலவச சட்ட உதவி கிடைக்கும்.

குண்டாஸில் இருப்பவரின் குடும்பத்துக்கு ஒன்று: தேர்தல் அறிவிக்கை வந்த 15 நாளுக்குள், தபால் வாக்கு வேண்டும் என்று அவர் தேர்தல் நடத்தும் அலுவலருக்கு எழுதித் தெரிவிக்கலாம். தடுப்புக் காவலில் உள்ள வாக்காளர்களின் பட்டியலை அரசே அலுவலருக்கு அனுப்ப வேண்டும் என்பது விதி, என்றாலும் அடுத்த மனு பார்க்கப் போகும்போது அவரிடம் இதைச் சொல்லிவிடுங்கள்.