மேடேறி இறங்குவது பார்க்கின்சனுக்குப் பயிற்சி ஆகாது

குன்னூர், கோத்தகிரிப் பக்கம் சரிவில் இறங்கும்போது விழுந்து, மணிக்கட்டை உடைத்துக்கொண்டு வருகிற பார்க்கின்சன் நோயாளிகள் இந்தக் குளிர்காலத்திலும் குறையவில்லை. "பயிற்சி ஏதாவது செய்கிறாரா?" என்று கேட்டால், கூட வந்த மகன் முந்திக்கொள்கிறார்: "மலைக்காரங்களுக்கு எதுக்கு சார் தனியா எக்சர்சைஸ்? அப்பா தினமும் பஜாருக்கு ஏறி இறங்குறாரே!"

இந்தப் பேச்சைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. ஏறி இறங்குவது வேலை. அது சிகிச்சை ஆகாது. ஏறும்போது மூச்சு வாங்கத் தொடங்கியதும் அப்பா என்ன செய்கிறார் என்று ஒருநாள் பின்னாலேயே போய்ப் பாருங்கள். வளைவில் நிற்பார். டீக்கடையில் நாலு வார்த்தை பேசுவார். நெஞ்சு படபடக்கும் முன்பே வேகம் தணிந்துவிடும். போதாததற்கு, அசைவைச் சுருக்குவதே இந்த நோயின் குணம். எடுத்து வைக்கும் எட்டு குறுகியிருக்கும், ஒரு கை வீசாது. ஆனால் தான் எப்போதும்போல் நடப்பதாகவே அவருக்குத் தோன்றும். பொய் சொல்லவில்லை, உண்மையிலேயே அவருக்குத் தெரியாது.

இறக்கம் இதைவிட மோசம். உடம்பு ஏற்கெனவே முன்னால் கூன் போட்டிருக்கிறது. சரிவு தள்ளத் தள்ள, எட்டு சின்னதாகி வேகமாகும். நினைத்த இடத்தில் நிற்க முடியாது. கையை ஊன்றி விழுகிறார், மணிக்கட்டு போகிறது. ஆகவே பயிற்சிக்குச் சரிவு வேண்டாம், சமதளம் போதும். இறங்கியே ஆகவேண்டிய பாதையில் கைப்பிடி இருக்கும் பக்கமாக, குதிகாலை முதலில் ஊன்றி, பத்துக் காலடிக்கு ஒருமுறை நின்று நிமிர்ந்து போகட்டும். ரப்பர் செருப்பைத் தூக்கி எறியுங்கள்.

சரி, எது பயிற்சி? 2018-இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், நோயின் தொடக்கத்தில் இருந்த, பார்க்கின்சன் மாத்திரை இன்னும் தொடங்காத 128 பேர் பங்கேற்றார்கள். வாரம் 4 நாள் டிரெட்மில், 6 மாதம். உச்ச இதயத் துடிப்பில் 80-85 சதவீதம்வரை உழைத்தவர்களின் இயக்க மதிப்பெண் (அசைவு எவ்வளவு பாதித்திருக்கிறது என்று டாக்டர் போடும் மதிப்பெண்) ஏறக்குறைய அப்படியே நின்றது. வழக்கம்போல் இருந்தவர்களுக்கு 3 புள்ளி அளவுக்கு மோசமானது. 60-65 சதவீதத்தில் மிதமாக நடந்தவர்களிடம் அந்தத் தெளிவான வித்தியாசம் தெரியவில்லை. மறு ஆண்டு நெதர்லாந்தில் 130 பேரைக் கொண்டு, வீட்டு சைக்கிளில் வாரம் 3 முறை, 30-45 நிமிடம் என்று செய்த ஆய்விலும் பலன் தெரிந்தது. நோய் நின்றுவிட்டதாக இதற்கு அர்த்தமில்லை. மாத்திரையை நிறுத்தலாம் என்று நினைப்பவர்கள் தயவுசெய்து அந்த நினைப்பையே நிறுத்துங்கள்.

நம் ஊர் மழைக்கும் பனிக்கும் வீட்டுக்குள் நிற்கும் எக்சர்சைஸ் சைக்கிள்தான் தோது. விழும் பயமும் குறைவு. 10 நிமிடம் மெல்ல மிதித்து உடம்பைச் சூடாக்குங்கள். குளிரில் தசை இறுக்கம் கூடுதல், 5 நிமிடம் போதாது. பிறகு 2 நிமிடம் வேகம், 2 நிமிடம் மெதுவாக, ஐந்து சுற்று. ஒரு முட்டி 15 நொடியில் 20 முறை மேலே வந்தால் நிமிடத்துக்கு 80 சுற்று. வேகத்தில் அதுதான் இலக்கு. 6 முதல் 8 வாரத்தில் வேகப் பகுதியை நீட்டி, தொடர்ந்து 30 நிமிடத்துக்குக் கொண்டு வாருங்கள்.

220-இல் வயதைக் கழித்தால் உச்சத் துடிப்பு தோராயமாகக் கிடைக்கும்: 65 வயதுக்கு 155, அதில் 80 சதவீதம் 124. ஆனால் இந்த நோயில் சிலருக்குத் துடிப்பு ஒழுங்காக ஏறாது. துடிப்பைக் குறைக்கும் புரோப்ரனலால் போன்ற மாத்திரை சாப்பிடுபவருக்கும் அப்படியே. அவர்களுக்கு வாய்தான் மீட்டர். ஓரிரு வார்த்தைக்கு மேல் பேச மூச்சு இடம்கொடுக்கக் கூடாது. பாட்டே பாட முடிந்தால் அது பயிற்சி இல்லை. சமவெளியில் மகள் வீட்டில் இரண்டு மாதம் இருந்துவிட்டு 2,240 மீட்டர் உயர ஊட்டிக்குத் திரும்பியவர், முதல் வாரம் பாதி வேகத்தில் ஆரம்பிக்கட்டும்.

நேரம் முக்கியம். பார்க்கின்சனுக்குக் கொடுக்கும் லீவோடோபா மாத்திரை வேலை செய்யும்போது செய்யுங்கள், பலருக்கு விழுங்கி முக்கால் மணி, ஒரு மணி கழித்து. மாத்திரையை முட்டை, பருப்போடு சேர்த்து விழுங்கினால் அது தாமதமாகும்.

தொடங்கும் முன் இதயப் பரிசோதனை கட்டாயம். ரத்த அழுத்தத்தைப் படுத்த நிலையிலும், எழுந்து நின்று 3 நிமிடத்திலும் பார்க்கச் சொல்லுங்கள். மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 இறங்கினால் டாக்டரிடம் பேசாமல் தொடங்காதீர்கள். குளிருக்குப் பயந்து தண்ணீர் குடிக்காமல் இருந்தாலும் அழுத்தம் இப்படி இறங்கும்.

இன்னொன்று, கொஞ்சம் கோபமாகவே: அறையைச் சாத்திக்கொண்டு கரி நெருப்புச் சட்டி வைத்துப் பயிற்சி செய்யாதீர்கள். கரிப்புகையில் மணமில்லாத நச்சுவாயு இருக்கிறது. மூச்சு வாங்க வாங்க அதையும் சேர்த்து இழுப்பீர்கள். ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு தொடங்கி, வேர்த்ததும் கழற்றினால் போதும்.

வாசற்படியில் கால் ஒட்டிக்கொண்டு நின்றால் கையைப் பிடித்து இழுக்கக் கூடாது, அதுதான் விழவைக்கும். நிற்கட்டும், நிமிரட்டும், எடையை ஒரு காலுக்கு மாற்றட்டும், பிறகு மற்ற காலில் பெரிய எட்டு. அந்த இடத்துத் தரையில் ஓர் எட்டு இடைவெளியில் குறுக்காக வண்ண டேப் ஒட்டினால் பலருக்குக் கால் எழும்.

நெஞ்சு வலி, கண் இருட்டல், வழக்கத்துக்கு மாறான மூச்சுத் திணறல், மூன்றில் எது வந்தாலும் அன்றைய பயிற்சி அத்தோடு சரி; உட்காரவைத்து உடனே டாக்டரைக் கூப்பிடுங்கள்.