ஏசியைக் கூட்டும் முன் ஒரு தடவை மொட்டை மாடிக்குப் போய்ப் பாருங்கள்

முன்பு ஒரு சித்திரையில் நெல்லைப் பக்கம் ஒரு ஜவுளிக்கடைக்கு மின்சிக்கன ஆய்வுக்காகப் போயிருந்தேன். மேல்தளம் முழுக்கப் பட்டுப் பிரிவு. "பகல்ல ஓரளவு ஏசி இழுக்குது சார். சாயங்காலம் கூட்டம் வர்ற நேரத்துலதான் சுத்தமா குளிர மாட்டேங்குது. இன்னும் ரெண்டு ஏசி போட்டுடலாமா?" என்று கேட்டார் கடை முதலாளி.

அப்போது மணி ஏழரை. பொழுது சாய்ந்து ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. ஏணி போட்டு, ஃபால்ஸ் சீலிங் பலகை ஒன்றை நகர்த்தி, கான்கிரீட்டின் அடிப்பக்கத்தில் உள்ளங்கையை வைத்தேன். அடுப்பை அணைத்துவிட்ட தோசைக்கல் மாதிரி இருந்தது. "நீங்களும் ஏறித் தொட்டுப் பாருங்கண்ணாச்சி" என்றேன். தொட்டவர் சட்டென்று கையை எடுத்துக்கொண்டார்.

கான்கிரீட் தளம் வெயிலை மெதுவாக வாங்கும், மெதுவாகத்தான் விடும். பகல் முழுக்க மேலே காய்ந்த சூடு கீழே இறங்கிச் சேர்வதற்குச் சாயங்காலம் ஆகிவிடுகிறது. கடையில் கூட்டமும் விளக்குகளும் கூடும் அதே நேரத்தில் கூரையும் தன் பங்குக்குச் சூட்டைக் கொட்டுகிறது.

கணக்கைப் பாருங்கள். உச்சி வெயிலில் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 1000 வாட் வெப்பம் விழுகிறது. ஆயிரம் சதுர அடி மாடி என்றால் ஏறத்தாழ 90 கிலோவாட். ஒரு டன் ஏசி வெளியே தள்ளும் வெப்பம் மூன்றரை கிலோவாட்தான். விழுவதெல்லாம் உள்ளே வந்துவிடாது, காற்றே பெரும்பகுதியை எடுத்துப் போய்விடும். ஆனாலும் பாசியும் தூசியும் ஏறிக் கறுத்துப்போன சிமென்ட் தளம் அந்த வெயிலில் கால் பங்கைத்தான் திருப்பி அனுப்புகிறது. நல்ல வெள்ளைப் பூச்சு புதிதாக இருக்கும்போது 80 சதவீதம் வரை திருப்பிவிடும். ஆற்றல் சேமிப்புக் கட்டட விதிகளின் 2017 பதிப்பு, சரிவு குறைந்த கூரைகள் 60 சதவீதமாவது திருப்ப வேண்டும் என்கிறது. இப்படி வெயிலைத் திருப்பி அனுப்பும் கூரைக்குப் பெயர் கூல் ரூஃப். தெலங்கானா 2023இல் கூல் ரூஃப் கொள்கை கொண்டுவந்து, வணிகக் கட்டடங்களுக்கு இதைக் கட்டாயமாக்கியது.

அண்ணாச்சி ஏசி வாங்குவதைத் தள்ளிப் போட்டார். முதலில் ஒழுகல்களை அடைத்தோம். இதை அழுத்திச் சொல்ல வேண்டும்: விரிசலின் மேல் அடிக்கும் வெள்ளைப் பூச்சு அடுத்த மழையிலேயே தோல் உரிந்துவிடும். தளத்தைத் தேய்த்துக் கழுவி, நன்றாகக் காயவிட்டு, அப்புறம்தான் கூல் ரூஃப் பெயின்ட் இரண்டு கோட். ஆள் நடமாட்டம் அதிகம் உள்ள மாடியாக இருந்தால் வெள்ளை கூலிங் டைல்ஸைச் சொல்லியிருப்பேன். செலவு கூடும், ஆனால் தேய்மானம் குறைவு. அடுத்த கோடையில் அந்தப் பட்டுப் பிரிவு பழைய ஏசிகளிலேயே ஓடியது.

இதன் எல்லையையும் சொல்லிவிடுகிறேன். நாலு மாடிக் கட்டடத்தில் இதன் பலன் பெரும்பாலும் மேல்மாடிக்கு மட்டும்தான். கீழ்த்தளங்களுக்கு ஜன்னல் நிழல்தான் முக்கியம்.

தகரக் கூரை வேறு கதை. தையல் யூனிட், கோடவுன் நடத்துபவர்கள் பலர், "ஷீட்டே பளபளன்னு இருக்கே, வெயில் தெறிச்சுப் போயிடாதா?" என்று கேட்கிறார்கள். பளபளக்கும் வெற்று உலோகம் வெயிலைத் திருப்புவது உண்மை. ஆனால் உள்வாங்கிய கொஞ்சத்தைச் சீக்கிரம் வெளியே விடாது, பிடித்து வைத்துக்கொள்ளும். அதனால்தான் வெள்ளைப் பூச்சு அடித்த ஷீட்டைவிட அது அதிகம் சுடுகிறது. நண்பகலில் இப்படியொரு ஷெட்டில், தலையில் ஈரத்துண்டைப் போட்டுக்கொண்டு மெஷின் ஓட்டும் பெண்களைப் பார்த்திருக்கிறேன். மின்கட்டணத்தைப் பிறகு பேசலாம், அந்தத் தலைகளுக்கு மேலே இருப்பதை முதலில் சரி செய்ய வேண்டும். வெள்ளைப் பூச்சோடு ஷீட்டுக்கு அடியில் கிளாஸ் வூலும் (சூட்டைத் தடுக்கும் கண்ணாடி இழைப் பஞ்சு) கொடுத்தால் வித்தியாசம் உடனே தெரியும். புதிதாகக் கட்டுகிறீர்கள் என்றால் இரண்டு தகடுகளுக்கு நடுவே சூட்டைத் தடுக்கும் ஃபோம் வைத்த பஃப் பேனலாகவே போட்டுவிடுங்கள்.

சோலார் போடும் எண்ணம் இருந்தால் பூச்சு வேலையை முன்பே முடித்துக்கொள்ளுங்கள், ஸ்டாண்ட் நட்ட பிறகு அடியில் நுழைந்து அடிப்பது பெரும் பாடு. பேனல் ஒவ்வொரு டிகிரி சூடேறும்போதும் அதன் உற்பத்தி ஏறத்தாழ 0.4 சதவீதம் குறையும். அடியில் இருக்கும் தளம் குளிர்ச்சியாக இருந்தால் அதற்கும் நல்லதுதான்.

வெள்ளை அழுக்காகும். ஒரு வருடத் தூசியிலேயே திருப்பும் திறன் நன்றாகக் குறைந்துவிடும். தை அறுப்பு முடிந்து பனி குறைந்ததும் ஒரு நாள் ஆள் விட்டுக் கழுவிவிடுங்கள். புதிதாக அடிப்பதென்றால் மாசியிலேயே பெயின்டரிடம் சொல்லிவையுங்கள். பங்குனி பிறந்துவிட்டால் நல்ல ஆள் கிடைப்பதில்லை, சுடும் தளத்தில் பூச்சும் சரியாகப் பிடிப்பதில்லை.