‘பதினாலு வருஷம் ஆச்சே, ஏன் இன்னும் விடல?’ ஆயுள் கைதி முன்விடுதலையில் குடும்பங்கள் வழுக்கும் இடங்கள்

வேதாரண்யம் பக்கத்து அம்மா ஒருவர். மகன் திருச்சி மத்திய சிறையில் ஆயுள் கைதி. 2018 நவம்பரில் கஜா புயல் ஓட்டு வீட்டைச் சாய்த்ததும், திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போகும் மகளோடு போய் இருந்துகொண்டார். முன்விடுதலை விசாரணைக்காக நன்னடத்தை அலுவலர் ஊருக்கு வந்தபோது அங்கே இருந்தது குட்டிச்சுவரும் கருவேலமும்தான். ‘பராமரிக்க ஆள் இல்லை’ என்று ஒரு வரி எழுதினார். கோப்பு அதோடு படுத்துவிட்டது. அம்மாவுக்கு விஷயம் தெரிந்ததே ஒன்றரை வருடம் கழித்து, மனு போட்டு மகனைப் பார்க்கப் போன அன்றைக்கு.

சட்டம் சுருக்கமாக: ஆயுள் தண்டனை என்றால் ஆயுள் முழுக்கத்தான். தூக்கும் விதிக்கக்கூடிய குற்றத்துக்கு ஆயுள் கிடைத்திருந்தால், 14 ஆண்டு உள்ளே இருந்த பிறகுதான் அரசு தண்டனையைக் குறைத்து விடுவிக்கலாம். விடலாம் என்றுதான் இருக்கிறது, விட்டாக வேண்டும் என்று இல்லை. ஆளுநர் வழியாக வரும் விடுதலைக்கு இந்த 14 கணக்கு கிடையாது.

முதல் வழுக்கல், கணக்கில். விசாரணைக் கைதியாக இருந்த நாள் சேரும். ஜாமீனில் வெளியே இருந்த நாள் சேராது. பரோலில் வந்த நாளும் இந்த 14-இல் சேராது என்று 2023-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நன்னடத்தைக்காகத் தண்டனையில் கழித்துக் கொடுத்த நாளையும் கூட்டிக்கொண்டு போய் நிற்காதீர்கள். தீர்ப்பின் கடைசிப் பக்கத்தையும் ஒருமுறை படியுங்கள். ‘இத்தனை ஆண்டு வரை தண்டனைக் குறைப்பு கூடாது’ என்று அங்கே இருந்தால் கதையே வேறு.

அடுத்தது அறிக்கைகள். முன்விடுதலையைப் பரிசீலிக்கும் குழுவில் உட்காருபவர்கள் பெரும்பாலும் உங்கள் மகனைப் பார்த்துத் தீர்மானிப்பதில்லை, காகிதத்தைப் பார்த்துத்தான். சிறைக் கண்காணிப்பாளர், நன்னடத்தை அலுவலர், காவல் நிலையம் மூவரும் எழுதுவார்கள். குற்றம் தனிப்பட்ட ஆத்திரமா, ஊரையே பாதித்ததா, மறுபடி செய்வாரா, வீட்டு நிலைமை என்ன என்றெல்லாம் பார்க்கச் சொல்லி உச்ச நீதிமன்றம் வெகுநாள் முன்பே அளவுகோல் கொடுத்திருக்கிறது. ஸ்டேஷனிலிருந்து வருவதோ பல நேரம் ‘சட்டம் ஒழுங்கு பாதிக்கும்’ என்ற அதே பழைய வரி.

அதனால் வீடு மாறிய உடனே புது விலாசத்தைக் கண்காணிப்பாளருக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். ரசீதைப் பத்திரமாக வையுங்கள். யார் வீட்டில் தங்குவார், என்ன வேலைக்குப் போவார் என்று அந்த வீட்டுக்காரர் கையெழுத்தோடு ஒரு கடிதமும் வைக்கலாம். இதற்கு எந்தப் படிவமும் கிடையாது, வெள்ளைத்தாள் போதும்.

‘மனு கொடுத்தால்தான் பார்ப்போம்’ என்று அலைக்கழித்தால் நம்ப வேண்டாம். முன்விடுதலைக்கென்று கொள்கை இருக்கும் மாநிலங்களில் தகுதி வந்தவரின் கோப்பை அரசே எடுத்துப் பார்க்க வேண்டும், மறுத்தால் காரணத்தோடு கைதிக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2025 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. வாயால் ‘ரிஜெக்ட் ஆயிடுச்சு’ என்றால் உத்தரவு நகலைக் கேளுங்கள். நகல் கைக்கு வந்ததும் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள், வக்கீல் இலவசம்.

அப்புறம், ‘அண்ணா பிறந்தநாள் லிஸ்ட்டில் பெயர் சேர்க்கிறேன்’ என்று சிறை வாசலில் பணம் கேட்பவன். 2021-இல் அண்ணா பிறந்தநாளையொட்டி 700 ஆயுள் கைதிகளை விடுவிக்கும் அறிவிப்பு வந்ததிலிருந்து இந்த வியாபாரம் சூடு பிடித்திருக்கிறது. பத்து பைசா கொடுக்காதீர்கள்.

அந்த அம்மா இப்போது திருப்பூர் விலாசத்தைக் கொடுத்துவிட்டார். மறு விசாரணைக்கு அங்கே இன்னும் யாரும் வரவில்லை.