வெடிபொருள் கிடங்கு: கனமான சுவர் காப்பாற்றுமா?

கிடங்கு ஆய்வுக்குப் போனால், இருப்புப் பதிவேட்டோடு, குடியிருப்பு எவ்வளவு தள்ளி இருக்க வேண்டும் என்ற தூரக் கணக்கையும் எடுத்து வைப்பார்கள். கணக்கு பெரும்பாலும் சரியாகவே இருக்கும், ஆனால் வெடிப்பில் காற்றில் பரவும் அழுத்த அலைக்கு மட்டும். சிதறலை, அதாவது வெடிப்பில் பறந்து வரும் துண்டுகளைப் பற்றிக் கேட்டால், "கான்கிரீட் சுவர், நல்ல கனம்" என்று பெருமையாகச் சொல்வார்கள். எனக்குக் கவலை அங்கேதான் தொடங்கும். உள்ளே வெடித்தால் பறக்கப்போவதே அந்தச் சுவர்தானே!

அழுத்த அலைக்கான தூரம் வெடிபொருள் எடையின் கனமூலத்தைப் பொறுத்தது. எடை 8 மடங்கானால் தூரம் 2 மடங்காகும். சிதறல் இந்த ஒழுங்குக்குள் அடங்காது. அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் விதிமுறையையே எடுத்துக்கொள்வோம். மொத்தமும் ஒரே நொடியில் வெடிக்கக்கூடிய சரக்கு 1,000 கிலோ இருந்தால், அழுத்தக் கணக்குப்படி குடியிருப்பு 160 மீட்டர் தள்ளி இருந்தால் போதும். சிதறலுக்குப் பொதுவாகக் கேட்கப்படும் தூரமோ 381 மீட்டர். ஏறத்தாழ 13,600 கிலோவை எட்டும்போதுதான் இரண்டும் சமமாகின்றன. ஆக, "எங்களிடம் கொஞ்சம்தான் இருக்கிறது" என்பவர்தான் சிதறலை அதிகம் யோசிக்க வேண்டும்.

அந்த எல்லைக்கு வெளியேயும் ஆபத்து முழுதாக நீங்கிவிடுவதில்லை. 79 ஜூல் அல்லது அதற்கு மேல் ஆற்றலுள்ள துண்டுகள், 56 சதுர மீட்டருக்கு ஒன்று என்ற அளவுக்குக் குறையும் இடத்தைத்தான் எல்லையாக வைக்கிறார்கள். 79 ஜூல் என்பது 1 கிலோ கல் 8 மீட்டர் உயரத்திலிருந்து தலையில் விழுவதற்குச் சமம். எல்லையில் நிற்பவர்மேல் அப்படி ஒன்று படும் வாய்ப்பு சுமார் நூற்றில் ஒன்று. தனித்துண்டு அந்த எல்லையைத் தாண்டி வெகுதூரமும் போகலாம். 1917இல் ஹாலிஃபாக்ஸ் துறைமுகத்தில் மோன்ட் பிளாங்க் கப்பல் வெடித்தபோது, அதன் நங்கூரத்தில் சுமார் அரை டன் எடையுள்ள பகுதி 3.5 கிலோமீட்டருக்கும் அப்பால் போய் விழுந்தது.

மண்மேடு எழுப்பினால் போதுமா என்று கேட்பார்கள். தாழ்வாகச் சீறி வரும் துண்டுகளை அது தடுக்கும். மேலே எழும்பி வளைந்து விழுபவற்றை அதனால் ஒன்றும் செய்ய முடியாது.

வரைபடத்தில் வட்டம் போட்டு முடித்துவிடுவது இன்னொரு பழக்கம். செவ்வகக் கட்டடத்தின் சிதறல் வட்டமாகப் பரவாது. ஒவ்வொரு சுவரும் தனக்கு நேர் எதிரே பாயும். மூலைகளின் திசையில் துண்டுகள் குறைவு. அதனால் ஒவ்வொரு சுவரின் நடுவிலிருந்தும் நேராக நடந்து, வழியில் என்ன இருக்கிறது என்று பார்ப்பேன். பல இடங்களில் கதவுக்கு நேர் எதிரே காவலர் அறை இருக்கும். கதவு கண்ணில் படவேண்டும் என்று அங்கே கட்டியிருப்பார்கள்; நியாயம்தான். ஆனால் இரும்புக் கதவு பறந்தால் அந்த வழியாகத்தான் வரும். அப்படிப்பட்ட அறையை விதிமுறை சொல்லும் தூரத்துக்குத் தள்ளி, மூலைப் பக்கமாக மாற்றச் சொல்வேன். கதவைப் பார்க்க ஒரு கேமரா போதும்.